ஐம்பது குறைத்துச் சொன்ன இலக்கம்

என் கணவருக்கு நான் ஏறக்குறைய ஒன்றரை வருஷம் பொய் இலக்கம் சொன்னேன். அவருடைய இரத்த அழுத்தத்தை என் கையாலேயே அளந்து, என் காதாலேயே கேட்டு, முள் நின்ற இடத்தை என் கண்ணாலேயே பார்த்துவிட்டு, வாயால் மட்டும் வேறொன்றைச் சொன்னேன். கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை. ஆனால் நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கொள்ளவும் எனக்கு விருப்பமில்லை.

எங்கள் வீடு மாங்கேணிக்கு வடக்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பு என்கிற உப்பேரியுமாக இருந்த ஒரு சின்ன ஊரில். சுனாமி அன்று வீடு போனது, தோணி போனது, என் கணவரின் தம்பி போனார். என் கணவர் ஒரு தென்னையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தப்பினார். தம்பி அடுத்த தென்னையில் இருந்தாராம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதுவரை கோயில் கோயிலாகப் போய் அதற்காக அழுத நான், அந்தக் கிழமை முழுக்க அதை நினைத்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

பள்ளிக்கூடமொன்றில் முகாம் போட்டிருந்தார்கள். அங்கே வெளிநாட்டிலிருந்து ஒரு டொக்டர் அம்மா வந்தார். முகாமில் ஆட்களுக்குத் தலைச்சுற்று, நெஞ்சுப் படபடப்பு, பிடரிவலி என்று வரிசை நீண்டுகொண்டே போனதால், கொஞ்சம் படித்த பெண்கள் நாலு பேரைத் தெரிந்தெடுத்து பிரஷர் பார்க்கப் பழக்கினார். அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி. பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டவள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.

பழக்கியது இரண்டே நாள். மேல்கையில் சுற்றிக் கட்டுகிற துணிப்பட்டி, அதற்குள் ஒரு ரப்பர்ப் பை. பையிலிருந்து இரண்டு குழாய் போகும்: ஒன்று கையால் அமுக்குகிற ரப்பர்க் குண்டுக்கு, மற்றது முள்ளுள்ள ஒரு சின்ன வட்டத்துக்கு. பட்டியை முழங்கைக்கு இரண்டு விரல் மேலே கட்ட வேண்டும். முழங்கையின் உட்பக்கம், சின்னவிரல் பக்கமாகக் கொஞ்சம் தள்ளித் தடவினால் நாடி அகப்படும். அந்த இடத்தில் ஸ்டெதஸ்கோப்பின் தட்டை வைத்து, முள் இருநூறு வரைக்கும் ஏறும்படி குண்டை அமுக்கி, பிறகு திருகாணியை மெல்லத் திறந்து காற்றை விட வேண்டும். முள் இறங்கி வரும்போது முதல் அடி கேட்கிற இடம் மேல் இலக்கம். அடி கேட்காமல் போகிற இடம் கீழ் இலக்கம்.

இவ்வளவுதான். ஆனால் முதல் ஒன்றரை நாளும் எனக்கு ஒரு மண்ணும் கேட்கவில்லை. மற்ற மூன்று பேரும் தலையை ஆட்டி ஆட்டி இலக்கம் சொல்கிறார்கள், என் காதுக்குள் வெறும் இரைச்சல். எனக்கு வந்த கோபத்தில் குழாயைக் கழற்றி எறிந்திருப்பேன். இரண்டாம் நாள் பின்னேரம் பக்கத்திலிருந்தவளின் கையில் வைத்துக் காற்றை விட்டுக்கொண்டிருந்தபோது, களப்பில் கட்டிக் கிடக்கும் தோணியின் அடியில் தண்ணீர் தட்டுமே, அது மாதிரி ஒன்று தட்டியது. டக், டக், டக். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. செத்த ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாதத்துக்குப் பிறகு, ஒரு மனுசிக்குள் இரத்தம் ஓடுவதை நான் கேட்டேன்.

டொக்டர் அம்மா திரும்பிப் போகும்போது ஒரு பட்டியையும் ஸ்டெதஸ்கோப்பையும் என்னிடமே தந்துவிட்டுப் போனார். நாங்களும் ஊருக்குத் திரும்பி, தகரக் கூரை போட்ட தற்காலிக வீட்டுக்கு வந்தோம். பழைய வீட்டின் சீமெந்துத் தரை அப்படியே இருந்தது. அதன் மேல் ஒரு கதிரையைப் போட்டு, காலைச் சோறு ஆக்குவதற்கு முதல் ஊர் ஆட்களுக்கு பிரஷர் பார்ப்பேன். கையில் பட்டி இறுகியிருக்கும்போதுதான் ஆட்களுக்கு ஊர்க்கதை எல்லாம் ஞாபகம் வரும். "வாயை மூடிக்கிட்டு இருங்க, கதைச்சா ஏறும்" என்று நான் அதட்டுவேன். வயதுக்கு மூத்தவர்களும் என் அதட்டலுக்கு அடங்கி இருந்தார்கள். அந்த அதிகாரம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் கணவருக்கு முதல் நாள் பார்த்தபோது நூற்றி எழுபத்தெட்டு. சொன்னேன். அதோடு மனிதர் இடிந்துபோய் இருந்துவிட்டார். நெஞ்சில் கையை வைத்தபடியே திரிந்தார். மணிக்கொரு தரம் கையை நீட்டி, "ஒருக்காப் பாரு புள்ள" என்றார். பார்த்தால் நூற்றி எண்பத்தைந்து, மறுபடி பார்த்தால் நூற்றித் தொண்ணூறு. தோணியில் மயக்கம் போட்டு விழுந்துவிடுவேன் என்று களப்புக்குப் போவதை விட்டார். கடலுக்கு எப்படியும் அவர் போகமாட்டார், களப்பும் இல்லை என்றால் எங்களுக்குச் சோறில்லை. சுனாமிக்கு முதல் அவர் பயந்த ஆளில்லை. தம்பியை விட்டுவிட்டு வந்த நாளிலிருந்துதான் எல்லாவற்றுக்கும் பயம்: நாய் குரைத்தால், காற்று மாறினால், நான் முகத்தைச் சுளித்தால்.

ஐந்தாம் நாள் முள் நூற்றி எண்பதில் நின்றது. "எத்தின?" என்று என் முகத்தையே பார்த்தார். நூற்றி ஐம்பது என்றேன். அன்றைக்கு அவர் கோப்பைச் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அடுத்த கிழமை நூற்றி நாற்பது என்றேன். இறால் பிடிக்கக் களப்புக்குப் போனார். பிறகு நூற்றி முப்பது. சொன்ன பொய்க்கு ஒரு ஒழுங்கு வேண்டும் என்பதால், அதற்குப் பிறகு முள்ளில் ஐம்பதைக் கழித்துச் சொல்வதைப் பழக்கமாக்கிக்கொண்டேன். பொய் நன்றாக வேலை செய்தது. அதுதான் சனியன்.

அவர் மருந்துக் குளிசை போடாமல் இருக்கவில்லை. மாதத்துக்கு ஒரு தரம் வாழைச்சேனைக் கிளினிக்குக்கு அவருடைய கொப்பியைக் கொண்டு நான்தான் போவேன். இடையில் இயக்கம், ஆமி என்று இரண்டு பக்கத்துச் சோதனைச் சாவடியும் தாண்ட வேண்டும். ஆம்பிளைகள் அந்தப் பாதையால் போனால் திரும்பி வருவது நிச்சயமில்லை என்றிருந்த காலம், எங்கள் ஊரில் மருந்து, உரம், மண்ணெண்ணெய் எல்லாவற்றுக்கும் பெண்கள்தான் போய்வந்தோம். உண்மையான இலக்கங்களை இன்னொரு கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதி, இடுப்பில் செருகிக்கொண்டு போய் டொக்டரிடம் காட்டுவேன். அவர் பார்த்துவிட்டு இன்னொரு குளிசையைக் கூட்டினார். "இது எதுக்கு?" என்று என் கணவர் கேட்டார். சத்துக் குளிசை என்றேன். ஒன்றைச் சொன்னால் அதற்கு முட்டுக்கொடுக்க இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் ஊரில் இன்னொரு பிரஷர்க்காரரும் இருந்தார். என் பெரியம்மாவின் மகன். எனக்கு அண்ணன், என் கணவருக்கு மச்சான், சுனாமிக்குப் பிறகு அண்ணனுக்குக் கிடைத்த ஒரே தோணியில் இருவரும் போகிறவர்கள். சத்தமாகக் கதைக்கிற, கருவாட்டு ஆணம் இல்லாவிட்டால் சோற்றுக்கு முன்னால் குந்தாத, பின்னேரமானால் கள்ளு மணக்கிற ஆள். அவருக்கும் நூற்றி எழுபது, நூற்றி எண்பதுதான். அவருக்கு உள்ளதை உள்ளபடி சொல்வேன், கூடவே ஏசுவேன். அவருக்கு அது உறைக்காது. "நூத்தி எம்பதா? வலையில நூத்தி எம்பது மீன் பட்டாலாவது புண்ணியம்" என்பார்.

என் கணவருக்கு அதில் ஒரு பெருமை. "மச்சான், நீ நூத்தி எம்பது. நான் நூத்தி முப்பது. என்னைப் பாத்துப் பழகு" என்று சீண்டுவார். அண்ணன் பொய்யாகக் கோபித்துக்கொண்டு துடுப்பை ஓங்குவார். நான் அடுப்படியில் நின்று கேட்டுச் சிரித்திருக்கிறேன். தம்பி போன பிறகு அவர் யாரையும் சீண்டியதே இல்லை. அதைக் கேட்பதற்காகவே இன்னும் இரண்டு பொய் சொல்லலாம் என்று அப்போது நினைத்தேன்.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் குளிசையும் கைமாற்றுத்தான். அரைத் தேங்காய், ஒரு பிடி மிளகாய்த்தூள், நெருப்புப்பெட்டி மாதிரி, "பிரஷர்க் குளிசை ரெண்டு தாகா, கிளினிக்குக்குப் போயிட்டு வந்து தாறன்" என்று வீட்டுக்கு வீடு கேட்பார்கள். பாதை எப்போது மூடும் எப்போது திறக்கும் என்று தெரியாத இடத்தில் அப்படித்தான் உயிர் வாழ முடியும். நானும் வாங்கியிருக்கிறேன், கொடுத்திருக்கிறேன். ஆனால் சண்டை நெருங்குகிறது என்று ஊரில் கதை வரத் தொடங்கியதும், நான் ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்து, ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் இரண்டு மாதத்துக்குக் காணுமளவு குளிசை சேர்த்து வைத்தேன். போத்தலை அரிசிப் பானைக்குள் புதைத்து, என் கணவருக்கு மட்டும் இடத்தைக் காட்டினேன்.

பிறகு ஒரு கிளினிக் நாள் நான் வாழைச்சேனைக்குப் போயிருந்தபோது பாதை மூடிவிட்டது. காலையில் தாண்டி வந்த சோதனைச் சாவடியை மத்தியானம் தாண்ட விடவில்லை. அடுத்த நாள் வடக்கே செல் குண்டு விழத் தொடங்கியது. நான் இந்தப் பக்கம், அவரும் அண்ணனும் ஊரும் அந்தப் பக்கம்.

ஆறு கிழமைக்கு மேல் அப்படி இருந்தேன். வாழைச்சேனையில் தெரிந்த ஒரு வீட்டு விறாந்தையில் என்னைப் போல வந்து மாட்டிக்கொண்ட பெண்கள் ஏழெட்டுப் பேர் படுத்தோம். செல் சத்தம் கேட்கும்போது ஒவ்வொருத்தியும் தன்தன் தெய்வத்தைக் கூப்பிட்டாள். நான் போத்தலை நினைத்தேன். காலையில் எழும்பியவுடன், 'இப்போது இரண்டு போட்டிருப்பார்' என்று நினைப்பேன். பொழுது பட்டதும், 'ஒன்று போட்டிருப்பார்' என்று நினைப்பேன். செல்லுக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது, பிரஷருக்கு வழி செய்துவிட்டுத்தான் வந்தேன் என்று மற்றவர்களிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன். அந்த நம்பிக்கையில்தான் எனக்குச் சோறு இறங்கியது.

சனம் வெளியேறி வரத் தொடங்கியபோது நான் ஒவ்வொரு நாளும் றோட்டில் போய் நின்றேன். காட்டுக்குள்ளால் நடந்தும், உழவு மிஷினில் ஏறியும், கரையால் வந்தும் ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். நாலாம் நாள் அண்ணனைக் கண்டேன். அவர் ஒரு மெலிந்த மனிதரைக் கையில் பிடித்துக் கூட்டி வந்தார். கிட்ட வந்த பிறகுதான் அது என் கணவர் என்று தெரிந்தது. நான் முன்னால் போய் நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். "இஞ்ச பாருங்க" என்றேன். குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "புள்ள, நீயா?" என்றார்.

அவருக்கு இடது கண்ணில் பல வருஷமாக வெள்ளை படர்ந்திருந்தது. நல்ல கண் வலது கண்தான். அந்தக் கண்ணில் பத்து நாளைக்கு முன்பு ஒரு காலையில் கறுப்புத் திரை விழுந்த மாதிரி வந்ததாம். இருட்டும் வெளிச்சமும் தெரிகிறது, ஆள் நிற்பது தெரிகிறது, முகம் தெரியவில்லை என்றார். தூசியாக்கும் என்று தண்ணீர் அடித்துக் கழுவியிருக்கிறார்.

"குளிசை போட்டீங்களா?" என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "அத மச்சானுக்குக் குடுத்திட்டன் புள்ள. பாதை பூட்டின மற்றக் கிழமை தலை சுத்தி விழுந்திட்டான். அவனுக்கிட்ட ஒரு குளிசையும் இல்ல. முதல்ல பாதி குடுத்தன், மறுகா முழுக்கக் குடுத்தன். அவன் நூத்தி எம்பதுக்காரன். நான் நூத்தி முப்பதுதானே. சத்துக் குளிசையையும் அவனுக்குத்தான் குடுத்தன், எழும்பி நடக்கட்டும் எண்டு. இஞ்ச பாரு, உன்ட அண்ணனை நடத்திக் கூட்டி வந்திட்டன்."

என் அண்ணனைக் காப்பாற்றியதற்கு நான் சந்தோஷப்படுவேன் என்று அவர் எதிர்பார்த்து நின்றார். அண்ணன் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மச்சான் இல்லாட்டி நான் மண்ணுக்குள்ளதான்" என்றார். அவர் தோளில் ஒரு பை தொங்கியது. சட்டி பானை எல்லாம் விட்டுவிட்டு வந்தவர்கள், என் பட்டியையும் ஸ்டெதஸ்கோப்பையும் சாறனில் சுற்றி அதற்குள் கொண்டு வந்திருந்தார்கள். இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கிருந்து என் கணவரை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிரஷர் கூடி, கண்ணின் பின்பக்கத்தில் இரத்தம் கசிந்திருக்கிறது என்றார் கண் டொக்டர். கொஞ்சம் தெளியலாம், முழுக்கத் தெளியுமென்று சொல்ல முடியாது என்றார். அவர் சொன்னபடிதான் நடந்தது.

வார்டில் இரண்டாம் நாள் பின்னேரம். நேர்ஸ் வந்து பிரஷர் பார்த்து, கட்டில் காலடியில் தொங்கிய அட்டையில் எழுதிவிட்டுப் போனார். இருநூற்றிப் பன்னிரண்டு. "எத்தினையாம்?" என்று என் கணவர் கேட்டார். பொய் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பழகிய மாடு தொழுவத்துக்குப் போகிற மாதிரி அது தன் பாட்டில் வந்து நின்றது. நான் அதை விழுங்கினேன். இருநூற்றிப் பன்னிரண்டு என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோப்பைச் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்ட அந்த முதல் நாளிலிருந்து, இடுப்பில் செருகிய கொப்பி, சத்துக் குளிசை, எல்லாம். மச்சானும் நீங்களும் ஒரே இலக்கம்தான், சில நாளில் உங்களுக்குத்தான் கூட, என்பதையும் சொன்னேன்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்து, என்னை வெளியே போகச் சொல்லும்வரை திரும்பவில்லை. அடுத்த நாள் நான் போனபோது எழும்பி இருந்தார். நான் வாங்கிப் போன தேத்தண்ணியைக் குடித்தார். குடித்துவிட்டு, "மச்சானுக்கு இதச் சொல்லிப் போடாத. அவன் தாங்கமாட்டான்" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என்னை ஒரு சொல் ஏசவுமில்லை. ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசி, அழுது, ஒரு வழியாக முடிந்திருக்கும். எனக்குச் சண்டை போடத் தெரியும், மன்னிப்புக் கேட்கத்தான் தெரியாது.

ஊருக்குத் திரும்ப விடும்வரை வாழைச்சேனைக்குக் கிட்ட ஒரு முகாமில் இருந்தோம், பிறகு ஊர் பிடிக்காமல் அந்தப் பக்கமாகவே ஒரு துண்டுக் காணியில் வீடு போட்டுக்கொண்டோம். அந்த வருஷம் முழுக்க அவர் என்னிடம் கையை நீட்டவில்லை. கிளினிக்குக்கு அண்ணனோடுதான் போவார். அங்கே நேர்ஸிடம், "எத்தினயெண்டு எனக்குக் கேக்கச் சத்தமாச் சொல்லுங்க அம்மா" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்பாராம். அண்ணன் அதைப் பகிடியாக வந்து சொல்வார். எனக்கு உடம்பு கூசும். பட்டி சுவரில் ஆணியில் தொங்கியது. அக்கம்பக்கத்தார் வந்து கேட்டால் பார்த்துச் சொல்வேன். அவர் எழும்பி வெளியே போய்விடுவார்.

ஒரு நாள் காலை, நான் யாருக்கோ பார்த்து முடித்துப் பட்டியைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, அவர் தடவிக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார். "அந்தக் குழாயை என்ட காதில வை" என்றார். வைத்தேன். "எதைக் கேக்கவேணும்?" என்றார். சொல்லிக் கொடுத்தேன். எனக்கு ஒன்றரை நாள் பிடித்தது, அவருக்கு மூன்றாம் தரமே கேட்டுவிட்டது. "அட, இதுவா!" என்று வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். தம்பிக்குப் பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு சின்னப்பிள்ளைத்தனத்தை நான் கண்டதில்லை.

ஆனால் அவருக்கு முள் தெரியாது. அதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு வந்தது. பட்டி அவர் கையில். குழாய் அவர் காதில். நான் குண்டை அமுக்கிக் காற்றை விடுவேன். முதல் அடி கேட்டதும் அவர் "இப்ப" என்பார். முள் நிற்கிற இடத்தை நான் பார்த்துச் சொல்வேன். அடி நின்றதும் "நிண்டிட்டு" என்பார். அதையும் சொல்வேன். அவர் கேட்பது எனக்குக் கேட்காது, நான் காண்பது அவருக்குத் தெரியாது. நான் சொல்லும் இலக்கத்தை அவர் நம்பித்தான் ஆக வேண்டும். அதைத் தெரிந்துகொண்டுதான் அவர் வந்து இருந்தார்.

குளிசை ஒழுங்காகப் போட்டதால் நூற்றி நாற்பது, நூற்றி நாற்பத்தைந்து என்றே வந்துகொண்டிருந்தது. நானும் உள்ளதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இலக்கம் நல்லதாக இருக்கும்போது உண்மை பேசுவதற்கு யாருக்கும் கெட்டித்தனம் தேவையில்லை. கெட்ட இலக்கம் வந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. அவருக்கும் அது தெரியாது என்பது, இலக்கம் சொல்லும்வரை அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதில் தெரிந்தது.

வன்னியில் சண்டை முடிந்துவிட்டது என்று வானொலியில் சொன்ன நாள். எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக் கதவும் சாத்திக் கிடந்தது. மூன்று வீடு தள்ளி ஒருத்தியின் மகள் அங்கே இருந்தாள், இருக்கிறாளா இல்லையா என்று தெரியாது. பெரிய றோட்டில் பட்டாசு வெடித்தது. வென்ற பக்கத்து ஆட்கள் லொறிகளில் கொடி கட்டிக்கொண்டு கத்திக்கொண்டு போனார்கள். என் கணவர் மூன்று நாளாகச் சரியாக நித்திரை கொள்ளவில்லை. பிடரி வலிக்கிறது என்று காலையிலிருந்து கையால் அழுத்திக்கொண்டிருந்தார். பத்து மணி இருக்கும், கதிரையில் வந்து இருந்து கையை நீட்டினார்.

பட்டாசுச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று ஓயும்வரை காத்திருந்தோம். ஓய்ந்தபோது அமுக்கினேன். இருநூறுக்கு ஏற்றிக் காற்றைத் திறந்ததும், "இப்பவே கேக்குது புள்ள" என்றார். காற்றை முழுக்க விட்டுவிட்டு, கொஞ்சம் பொறுத்து, இந்தத் தரம் இருநூற்றி முப்பதுக்கு ஏற்றித் திறந்தேன். முள் மெல்ல இறங்கியது.

"இப்ப" என்றார்.

இருநூற்றி நாலு.

வெளியே மறுபடி ஒரு லொறி போனது. இந்த இலக்கத்தைச் சொன்னால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போக அந்த றோட்டால், அந்த ஆட்களுக்கு நடுவால் போக வேண்டும். கண் தெரியாத மனிதரைக் கையில் பிடித்துக்கொண்டு, இன்றைக்கு. நூற்றி ஐம்பது என்று சொன்னால் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கலாம், பின்னேரம் இன்னொரு குளிசையைப் போடச் சொல்லலாம், கொஞ்சம் படுத்து எழும்பினால் இறங்கவும் கூடும். நான் அதை நினைக்கவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். முழுதாக நினைத்தேன். முள் அதற்குள் இருநூறையும் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் குழாய் மாட்டிய முகத்தை என் பக்கம் திருப்பி, அசையாமல் இருந்தார். எத்தினை என்று கேட்கவில்லை.

திருகாணியை இறுக்கி முள்ளை நிறுத்திவிட்டு, குனிந்து ஒரு பக்கத்துக் குழாயை அவர் காதிலிருந்து விலக்கினேன். "இருநூத்தி நாலு" என்றேன்.

பட்டி கட்டிய கை என் மடியில் இருந்தது. மற்றக் கை நெஞ்சுக்குப் போனது. முகாமிலிருந்து வந்து முதல் தரம் நான் இலக்கம் சொன்னபோது போன அதே மாதிரி. இத்தனை காலமும் நான் பார்க்க விரும்பாததும் அதைத்தான். அவர் குழாயைத் திரும்பக் காதில் மாட்டிக்கொண்டு, "விடு, கீழதும் பாப்பம்" என்றார். நான் காற்றை விட்டேன். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நிண்டிட்டு" என்றார். நூற்றிப் பதினெட்டு. அதையும் சொன்னேன்.

பட்டியைக் கழற்றினேன். "சேட்டை எடு" என்றார். சட்டையை எடுத்துப் போட்டுவிட்டுப் பொத்தான்களைப் பூட்டினேன். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டேன். வாசலில் நின்று அவர் பெரிய றோட்டின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"எனக்குப் பயமாக் கிடக்கு, புள்ள" என்றார்.

கல்யாணம் முடித்து இருபத்திரண்டு வருஷத்தில், பயந்துகொண்டே திரிந்த அந்த வருஷங்களில்கூட, அவர் அதை வாய் திறந்து சொன்னதில்லை. ஒன்றுமில்லை, பயப்படாதீங்க என்று சொல்லத்தான் என் வாய் திறந்தது.

"எனக்கும்தான்" என்றேன்.

அவர் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டு றோட்டுக்கு ஏறினோம்.